தொலைக்காட்சித் திரையின் வடு

மின்னிணைப்பு அகற்றப்பட்டுப் பல காலம் ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய விளையாட்டுப் பொறியொன்றின் கண்ணாடித் திரைமீது பகல் வெளிச்சம் சாய்ந்து விழும்பொழுது, அதிலே மங்கலான கோடுகள் சில தென்படுதலுண்டு. கூர்ந்து நோக்குவார்க்கு அவை ஒரு சிக்கலான பாதையின் சுவர்களாக உருப்பெறும். 1980ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய நம்கோ வெளியிட்ட 'பக்மன்' என்னும் விளையாட்டின் சுவர்களே அவை. அவ்விளையாட்டில் மஞ்சள் நிற வட்டமொன்று ஓடிக்கொண்டேயிருக்கும். அதனைத் துரத்தும் பேயுருக்களும் ஓடிக்கொண்டேயிருக்கும். சுவர்கள் மாத்திரம் அசையா. கடைகளிலும் கேளிக்கைக் கூடங்களிலும் நாள் முழுவதும் இயங்கிய பொறிகளின் திரைகளில், ஓடியவை சுவடு வைத்தில, நின்றவையே வைத்தன.

இவ்வாறு திரையில் நிலைத்துவிடும் உருவினைப் பழுதுபார்ப்போரும் பாவிப்போரும் 'எரிவு' என்றே வழங்குவர். அச்சொல் ஓரளவுக்கே பொருந்தும். தீயினாற் கருகியது போன்றதொரு விபத்தினை அது நினைவூட்டுகின்றது. வேறு சிலரோ, அடுப்படிச் சுவரிற் புகை படிவதுபோல் உருவம் திரையிற் படிந்துவிட்டதென எண்ணுவர். பெரும்பாலான வடுக்கள் இவ்விரண்டுமல்ல. பழங்கோயிலொன்றின் கற்படியை நோக்குக. அடியார் கால் வைக்கும் நடுப்பகுதி குழிந்திருக்கும். இரு மருங்கும் தச்சன் செதுக்கியவாறே நிற்கும். படியிலே புதிதாக ஒன்றும் படியவில்லை. உள்ளது ஓரிடத்தில் மிகுதியாகவும் வேறிடத்திற் குறைவாகவும் தேய்ந்துள்ளது. திரையின் வடுவும் அத்தகைய சமனற்ற தேய்வே. ஆதலினாலேயே அது எதிருருவாகத் தோன்றுகின்றது. முன்னர் எவ்விடம் ஒளி மிகுந்து விளங்கிற்றோ அவ்விடமே பின்னர் மங்கி நிற்கும்.

தேய்வது யாது என்பதை அறிதற்குக் குழாயின் அமைப்பினைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1897ஆம் ஆண்டில் ஸ்ற்றாஸ்பூர்க் நகரிற் பேராசிரியராயிருந்த காள் பேடினன்ட் பிறவுண் என்பார் ஆக்கிய கதோட்டுக் கதிர்க் குழாயே பிற்காலத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் கணினித் திரைகளுக்கும் மூலமாயிற்று. காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயின் ஒடுங்கிய கழுத்திலே சூடாக்கப்பட்ட கதோட்டு உளது. அதனின்று வெளிப்படும் இலத்திரன்கள் உயர் மின்னழுத்தத்தினாற் கவரப்பட்டு, ஒரு மெல்லிய கற்றையாகத் திரையை நோக்கிப் பாய்கின்றன. கறுப்பு வெள்ளைப் பெட்டியொன்றில் அவ்வழுத்தம் 15,000 வோல்ற்று அளவினதாகவும், பெரிய வர்ணப் பெட்டியில் 25,000 வோல்ற்று அளவினதாகவும் இருக்கும். கண்ணாடியின் உட்புறத்திற் பூசப்பட்டுள்ள ஒளிர்பொருள், இலத்திரன்கள் மோதும் இடத்தில் ஒளியை உமிழ்கின்றது. நாகசல்பைட்டு முதலிய சேர்வைகளில் வெள்ளி, செம்பு போன்ற உலோகங்களை மிக நுண்ணிய அளவிற் சேர்த்து இவ்வொளிர்பொருள் ஆக்கப்படும். கற்றை அங்குமிங்குமாகத் திருப்பப்பட்டுத் திரை முழுவதையும் வரிவரியாக உழுதுவிடுகின்றது. காண்பார் கண்ணுக்கு முழுப் படம் ஒருங்கே தோன்றினும், ஒரு கணத்தில் ஒளிர்வது ஒரு புள்ளியும் அதன் அண்மையுமே.

இவ்வுழவு நின்றுபோமாயின் நிகழ்வது உண்மையான எரிவே. பெட்டியின் நிலைக்குத்துத் திருப்பற் சுற்று பழுதுறின், 500க்கு மேற்பட்ட வரிகளிற் பரந்து விழவேண்டிய இலத்திரன்கள் அனைத்தும் திரையின் நடுவே ஒரே கிடைக்கோட்டில் வந்து விழும். அக்கோடு கண்ணைக் கூசச் செய்யும் பிரகாசமுடையது. மோதும் சக்தியின் சிறுபகுதியே ஒளியாகின்றது. பெரும்பகுதி வெப்பமாதலின் ஒளிர்பொருள் விரைவிற் கெடுகின்றது. எனவே பழுதுபார்ப்பதிற் பயின்றோர் அக்கோட்டினைக் கண்டதும் முதலிற் செய்வது ஒளிர்வைத் தணித்தலாம். காரணத்தைத் தேடுதல் அதன் பின்னரே. பெட்டியை அணைக்கும் வேளையிலும் இத்தகைய ஆபத்தொன்றுண்டு. திருப்பற் சுற்றுக்கள் உடனே ஓய்ந்துவிட, கதோட்டின் சூடும் குழாயில் ஏறிய மின்னும் சிறிது நேரம் எஞ்சிநிற்பதால், திரையின் நடுவில் ஒரு வெண்புள்ளி தோன்றி மறையும். பழைய பெட்டிகளிற் சிறுவர்கள் விரும்பிப் பார்த்திருந்த அப்புள்ளியை உடனுக்குடன் அழித்தற்கெனவே பின்வந்த பெட்டிகளில் தனிச் சுற்று அமைக்கப்பட்டது.

இலத்திரனொடு தொடர்பற்ற வடுவொன்றும் முற்காலத்தில் இருந்தது. குழாயினுள் எஞ்சிய வாயுக்களிலிருந்தும் கதோட்டிலிருந்தும் எதிர் மின்னேற்றமுடைய அயன்களும் தோன்றித் திரையை நோக்கிப் பாயும். மின்புலத்தினாற் கற்றை திருப்பப்படும் குழாய்களில் இதனாற் பெருந்தீங்கு இல்லை. மின்புலம் இலேசான துணிக்கையையும் பாரமான துணிக்கையையும் ஒரே அளவாகத் திருப்பும். தொலைக்காட்சிக் குழாய்களிலோ காந்தப்புலமே அத்தொழிலைச் செய்தது. காந்தப்புலத்தில் நேரும் திருப்பம் துணிக்கையின் திணிவினது வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறைவது. ஒட்சிசன் அயனொன்று இலத்திரனிலும் ஏறத்தாழ 29,000 மடங்கு திணிவுடையது. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 170. எனவே இலத்திரன் மையத்திலிருந்து 20 சதமமீற்றர் விலகிச் சென்று விழும்பொழுது, அயன் ஒரு மில்லிமீற்றரை அண்டியே விலகும். படம் எதுவாயினும், நிகழ்ச்சி எதுவாயினும், அயன்கள் யாவும் திரையின் நடுப்பகுதியையே இடைவிடாது தாக்கின. அதன் விளைவாக நடுவிற் பழுப்பு நிறமானதொரு கறை தோன்றி வளர்ந்தது.

இத்தீங்கினை நீக்குதற்கு இரு வழிகள் கையாளப்பட்டன. முதலாவது, இலத்திரன் பிறக்கும் பகுதியைச் சற்றே வளைத்தமைத்து, புறத்தே ஒரு சிறு காந்தத்தைப் பொருத்துதல். காந்தம் இலத்திரன்களை மாத்திரம் நேர்வழிக்குத் திருப்ப, திரும்பமாட்டாத அயன்கள் குழாயின் கழுத்திலேயே முட்டி நின்றுவிடும். இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. ஒளிர்பொருளின் பின்புறத்தே மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியதோர் அலுமினியப் படலம் பூசப்பட்டது. விரைந்துவரும் இலத்திரன்கள் அதனை ஊடுருவிச் செல்லும். பருத்த அயன்கள் செல்லமாட்டா. பின்னோக்கி வீணாகும் ஒளியையும் அப்படலம் ஆடிபோல் முன்னோக்கித் திருப்பியமையால், ஒரு பூச்சினால் இரு பயன் விளைந்தன. 1950களில் இப்பூச்சுப் பரவலாயிற்று. இலங்கையில் 1979ஆம் ஆண்டு ஏப்பிரலில் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமானபொழுது அயன் கறை பழங்கதையாகிவிட்டமையின், இந்நாட்டார் அதனை அறிந்திலர்.

அலுமினியம் தடுக்க இயலாதது இலத்திரனால் வரும் தேய்வேயாம். தடுப்பின் ஒளியே இல்லை. ஒவ்வோர் இலத்திரனும் ஒளிர்பொருளின் பளிங்குகளில் ஒளியை எழுப்புவதோடு, எங்கோ ஒரு சிறு பிழையையும் விட்டுச்செல்ல வல்லது. பிழைகள் பெருகப் பெருக, வந்து சேரும் சக்தி ஒளியாக மாறாமல் வெப்பமாகக் கழிகின்றது. சில குழாய்களில் ஒளிர்பொருளுக்கு முன்னுள்ள கண்ணாடியும் பழுப்பேறுவதுண்டு. ஒளி எவ்வளவு குன்றும் என்பதை ஆராய்ந்தோர் எளிமையானதொரு தொடர்பைக் கண்டனர். ஒரு சதுர சதமமீற்றரில் இதுகாறும் வந்து விழுந்த மொத்த மின்னேற்றமே அதனைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது. ஒரு குறிப்பிட்ட அளவு மின்னேற்றம் விழுந்தபின் ஒளி அரைப்பங்காயின், அதன் இரு மடங்கு விழுந்தபின் மூன்றிலொரு பங்காகும். மும்மடங்கு விழுந்தபின் காற்பங்காகும். ஒளிர்பொருளுக்கு ஒளிர்பொருள் அவ்வளவு வேறுபடும். சில விரைவில் நலியும், சில நெடிது நிற்கும். தொடர்பின் வடிவம் மாத்திரம் பெரிதும் மாறாது.

இத்தொடர்பிலிருந்து பெறப்படும் முடிபுகள் பொதுமக்கள் எண்ணத்துக்கு மாறானவை. உதாரணமாக, ஒரு திரையின் ஓரிடம் இடையறாது ஒளிர்ந்து, 10,000 மணிநேரத்தில் அரைப்பங்கு ஒளியை இழக்குமெனக் கொள்க. அங்ஙனமாயின் நெடுங்காலம் அஞ்சவேண்டியதில்லை என்று ஒருவர் கருதக்கூடும். ஆனால் வடுத் தெரிவதற்கு அரைப்பங்கு இழப்பு வேண்டியதன்று. கூரிய விளிம்போடு அருகருகே அமைந்த இரு பரப்புக்களிடையே நூற்றுக்கு ஒன்றிரண்டு வேறுபாடு இருப்பினும் மனிதக் கண் அதனை உணர்ந்துவிடும். நூற்றுக்கு 2 இழப்பதற்கு ஏறத்தாழ 200 மணிநேரமே போதும். நாளொன்றுக்கு 8 மணிநேரம் இயங்கும் பொறிக்கு இது 25 நாட் கணக்கு. குழாய் சாவதற்கு ஆண்டுகள் செல்லலாம். வடுப்படுவதற்கு ஒரு மாதமே போதுமானது.

பழந்திரையே எளிதில் வடுப்படும் என்பதும் அவ்வாறே ஆராயத்தக்கது. ஒளி முழுமையாயுள்ள புதிய திரை நூற்றுக்கு 2 இழக்க 200 மணிநேரம் எடுக்குமாயின், சீராகத் தேய்ந்து அரை ஒளியுடன் நிற்கும் திரை தன் எஞ்சிய ஒளியில் நூற்றுக்கு 2 இழக்க 400 மணிநேரம் எடுக்கும். முதற் கீறலே ஆழமான கீறல். எனினும் நடைமுறையிற் பழந்திரைக்கு வேறோர் இடர் உண்டு. மங்கிவிட்ட படத்தைப் பிரகாசமாக்க வேண்டி உரியவர் ஒளிர்வையும் மாறுபாட்டையும் இறுதிவரை கூட்டிவிடுவர். ஒளியை இரட்டிப்பதற்குக் கற்றையின் மின்னோட்டத்தையும் ஏறத்தாழ இரட்டிக்க வேண்டும். வடுப்படும் காலமும் அதற்கேற்பப் பாதியாகும். திரையின் வயது குற்றவாளியன்று. அதற்குச் செய்யப்படும் வைத்தியமே குற்றவாளி எனலாம்.

ஒளிர்வு, காலம், அசையாமை ஆகிய மூன்றும் கூடுமிடத்திலேயே ஆபத்துப் பெரிது. சாதாரணமாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்க்கும் குடும்பத்தின் பெட்டி இதனால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. முகங்களும் காட்சிகளும் மாறிக்கொண்டிருத்தலின் தேய்வு எங்கும் சமமாகப் பரவிவிடும். மூலையில் நிலைத்து நிற்கும் நிலையச் சின்னம், அகலத்திரைப் படங்களின் மேலுங் கீழும் தங்கும் கரும்பட்டைகள், விமான நிலைய அறிவித்தல்கள், வங்கிப் பொறிகளின் வரவேற்பு வாசகங்கள் என்பனவே பகை. கரும்பட்டை ஒளிராத இடமாயிற்றே, அதனால் என்ன கேடு எனின், அவ்விடம் இளமையோடிருக்க நடுப்பகுதி மூப்படைகின்றது. பின்னர் முழுத்திரைப் படம் வரும்பொழுது பட்டைகள் வெளிச்சமாய்த் தனித்துத் தெரியும்.

கணினித் திரைகளுக்கே இவ்வச்சம் மிகுதியாயிருந்தது. எழுத்தும் எண்ணும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்பது அங்கு இயல்பு. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் தனியாட் கணினியின் பச்சை நிறத் திரையில், ஒளி சற்றே நீடித்துத் தங்கும் ஒளிர்பொருள் பாவிக்கப்பட்டது. எழுத்து மறைந்த பின்னரும் கணப்பொழுது நிழலாடும் அத்தங்கலைச் சிலர் எரிவென மயங்குவர். தங்கல் ஒளிர்பொருளின் குணம்; வடு அதன் குறை. தங்கல் உடனே நீங்கிவிடும், வடு நீங்காது. இவ்வடுவினைத் தவிர்ப்பதற்கு 1983ஆம் ஆண்டு திசெம்பரில் ஜோன் சோச்சா என்பார் 'சொவ்ற்றோக்' என்னும் சஞ்சிகையில் ஒரு சிறு நிரலை வெளியிட்டார். மூன்று நிமிடம் விசைப்பலகை தொடப்படாதிருப்பின் அது திரையை முற்றாக இருளச் செய்தது. அதற்கு முன்னரே, 1979ஆம் ஆண்டின் அற்றாரிக் கணினிகள், சுமார் ஒன்பது நிமிடம் வாளாவிருப்பின் திரையின் நிறங்களைத் தாமாகவே மாற்றிக்கொண்டிருந்தன.

இருளச் செய்தலே சிறந்த காப்பு. ஆயினும் இருண்ட திரையை மக்கள் விரும்பினரல்லர். 1989ஆம் ஆண்டில் வந்த 'ஆவ்ற்றர் டார்க்' என்னும் தொகுதி, சிறகு முளைத்த ரொட்டி வாட்டும் பொறிகளைத் திரை முழுவதும் பறக்கவிட்டு உலகப் புகழ் பெற்றது. காவற்காரனாக அமர்த்தப்பட்டவன் கூத்தனாக மாறிய கதை இது. மேலும், வர்ணத் திரைகளுக்கு அக்காவலின் தேவை முன்போல் இருக்கவுமில்லை; அவற்றினுள்ளே துளையிட்ட உலோகத் தகடொன்று இருந்து, வரும் இலத்திரன்களிற் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மின்சேமிப்புக்கான 'எனர்ஜி ஸ்ரார்' திட்டம் ஆரம்பமான பின்னர், பாவிக்கப்படாத திரை தானாக ஓய்வுறும் ஏற்பாடு பெருகிற்று. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எழுந்த அம்முறை, திரையின் ஆயுளையும் உடன்காத்தது.

வடுவென எண்ணிக் கைவிடப்படும் குறைகள் யாவும் வடுவாகா. வர்ணத் திரையின் ஒரு பகுதியில் ஊதாவோ பச்சையோ படர்ந்திருப்பின், அருகில் வைத்த ஒலிபெருக்கியின் காந்தம் உள்ளிருக்கும் தகட்டினைக் காந்தமாக்கியிருத்தல் கூடும். காந்தம் நீக்கும் சுருளினால் அது தீரும். உண்மை வடுவினை அறிதற்கு, திரை முழுவதையும் ஒரே வெண்மையாகவும், பின்னர் தனிச் சிவப்பாகவும் பச்சையாகவும் நீலமாகவும் ஒளிரச் செய்து இருட்டறையிற் பார்த்தல் வேண்டும். நிறங்களுக்குரிய ஒளிர்பொருள்கள் வெவ்வேறாதலின், ஒரு நிறத்தில் மறைந்திருப்பது மற்றொன்றில் வெளிப்படும்.

வெண்திரையைப் பல நாள் தொடர்ந்து ஒளிரவிட்டால் வடு மாறிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. முன்சொன்ன கணக்கின்படி, 2,000 மணிநேரம் ஒளிர்ந்து நூற்றுக்கு 17 பங்கு மங்கிய எழுத்தொன்று ஒரு திரையில் உளதெனக் கொள்க. 10,000 மணிநேரம் வெண்மையாக ஒளிரவிடின் எழுத்துக்கும் சூழலுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு 9 ஆகக் குறையும். திரை முழுவதன் ஒளியோ பாதியாகிவிடும். எழுத்தின் எதிருருவை அதே இடத்தில் இம்மியும் பிசகாது 2,000 மணிநேரம் காட்டின் வேறுபாடு அறவே நீங்குமென்பது கணக்கு; அதுவும் எழுத்தைக் குணமாக்குவதன்று, மற்ற இடங்களை அதன் நிலைக்கு இறக்குவதே. அன்றியும், பழைய வடு எத்தனை மணிநேரத்திற் பதிந்தது, எவ்வளவு ஒளிர்வில் நின்றது என்பன யார்க்கும் தெரியாதவை. குழாய்கள் மலிந்திருந்த நாளிற் பழுதுற்றதைக் கழற்றிப் புதியதை மாட்டினர். வீட்டுத் தொலைக்காட்சிக்குரிய குழாய்களின் பேருற்பத்தி இன்று நின்றுபோயிற்று. இருப்பவற்றைக் காத்தலே எஞ்சிய வழி.

இதனை மிக உணர்ந்தவை கலைக்கூடங்களே. கொரியாவிற் பிறந்த நாம் ஜூன் பைக் என்னும் கலைஞர் தொலைக்காட்சிப் பெட்டியையே தம் கலைக்குக் கருவியாக்கியவர். 1963ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியின் வுப்பெற்றால் நகரிற் காட்சிக்கு வைத்த பெட்டிகளுள் ஒன்று, படத்துக்குப் பதிலாக ஒரே ஒரு கோட்டினைக் காட்டியது. அவர் அதனை நிமிர்த்திவைத்து 'தொலைக்காட்சிக்கு ஸென்' எனப் பெயரிட்டார். பழுதுபார்ப்போர் கண்டவுடன் ஒளிர்வைத் தணிக்கும் அதே கோடுதான் அக்கலைப்படைப்பு. 1974ஆம் ஆண்டின் 'தொலைக்காட்சிப் புத்தர்' இன்னும் கடினமானது. புத்தர் சிலையொன்று ஒரு பெட்டியின்முன் அமர்ந்திருக்கும். பெட்டியின் பின்னிருந்து ஒரு கமரா சிலையை நோக்கும். சிலை தன் உருவையே தான் பார்த்துக்கொண்டிருக்கும். அசையாத சிலையின் அசையாத உருவம், காட்சிச்சாலை திறந்திருக்கும் நேரமெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். திரையைத் தேய்க்கும் மூன்று காரணங்களும் அங்கே ஒருங்கு கூடுகின்றன. படத்தை மாற்றினால் திரை பிழைக்கும், படைப்புப் பிழைக்காது.

1988ஆம் ஆண்டில் அவர் தென்கொரியாவின் குவாச்சோன் நகரிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் 1,003 பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கி நிறுவிய படைப்பு, பெட்டிகளின் மூப்பினால் 2018ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. புதுக்கப்பட்டு 2022ஆம் ஆண்டு செத்தெம்பரில் அது மீண்டும் இயங்கத் தொடங்கியபொழுது, 737 பெட்டிகளிற் கதோட்டுக் கதிர்க் குழாய்களே இருந்தன. மீட்க இயலாத 266 இடங்களில் தட்டையான திரவப்பளிங்குத் திரைகள் பொருத்தப்பட்டன. எஞ்சிய குழாய்களின் ஆயுளைக் கருதி, கோபுரம் ஒளிரும் நேரமும் குறைக்கப்பட்டது.